ஜெபிக்காத எண்ணெய்

டெல்ஃபாவுக்குப் பேய் பிடித்திருந்தது என்று சொல்கிறவர்கள் அந்த வீட்டு அடுப்படியில் ஒரு நாளாவது உட்கார்ந்து காபி குடித்தவர்களா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லை. கடையில் நின்று சொல்வார்கள், தபால் ஜன்னலில் நின்று சொல்வார்கள், சபையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே கிடைக்கிற மூச்சு நேரத்தில் கூடச் சொல்வார்கள். புருஷன் ஹாஸ்கல் அவளை உள்ளே வைத்துப் பூட்டினான் என்பது இன்னொரு கதை. அவன் பூட்டுகிற ஆளா? அந்த வீட்டுப் பின்கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. மூன்று வருஷமாக மாட்டுகிறேன், மாட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற மனுஷன், பெண்டாட்டியைப் பூட்டிவைக்க மட்டும் எங்கே போய்த் தாழ்ப்பாள் வாங்குவான்?

பதினொரு மாதம் அவள் வாசலைத் தாண்டவில்லை, அது உண்மை. யாரும் மறைக்கவில்லை. பெற்ற மகளுக்குக் குழந்தை பிறந்து ஏழு மாதமாகியும் போய்ப் பார்க்கவில்லை, அதுவும் உண்மை. மகள் டார்லாவின் புருஷனுக்கு மிச்சிகனில் கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை குடும்பத்தோடு கிளம்ப இருந்தார்கள். கென்டக்கியின் இந்த மலைப் பள்ளத்திலிருந்து மிச்சிகனுக்குப் போனவர்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் திரும்பி வருவார்கள். அந்தச் சனிக்கிழமைக்குள் டெல்ஃபா வெளியே வந்து பேத்தியைப் பார்ப்பாளா, மாட்டாளா என்பதுதான் ஸ்பைஸ்வுட் ஓடை முழுவதற்கும் அப்போது பேச்சு. சபைக்குப் போகாதவர்கள் ஒரு பாட்டில் சோடா வைத்துப் பந்தயமே கட்டினார்கள்.

அவள் ஏன் வெளியே வரவில்லை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவள் எதையும் மூடி வைக்கிற பிறவி இல்லை.

அதே ஓடையின் தலைப்பக்கம் பிறந்தவள். பதினான்கு வயதில் இரட்சிக்கப்பட்டு, மேலே பனிக்கட்டி மிதக்கிற ஓடைத் தண்ணீரில் ஞானஸ்நானம் எடுத்தவள். பிறகு பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் சோளரொட்டியும் பீன்ஸும் ஆக்கிப் போட்டாள். எந்தப் பிள்ளை திங்கட்கிழமை காலிவயிற்றோடு வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தட்டில் கரண்டி இரண்டு தடவை இறங்கும். சபையில் ஜெபச் சங்கிலி அவள் கையில் இருந்தது. யாருக்காவது சுகமில்லை என்றால் முதல் டெலிபோன் அவளுக்கு வரும், அவள் அடுத்தவருக்குச் சொல்வாள், அவர் அதற்கடுத்தவருக்கு. அரை மணி நேரத்தில் நாற்பது பேர் முழங்காலில் இருப்பார்கள்.

பிசாசு இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மழை இருக்கிறது, பனி இருக்கிறது, பிசாசும் இருக்கிறது. எரிச்சல் வந்தால் எரிச்சலின் ஆவி, வண்டி கிளம்பாவிட்டால் தடையின் ஆவி என்று சொல்கிற ரகம் அல்ல அவள். வண்டி கிளம்பாவிட்டால் பேட்டரியைப் பார் என்பாள். ஆனால் சில சமயம், எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வீட்டைக் குறிவைத்து ஒன்று வருகிறது என்று நம்பினாள். அப்படி வரும்போது இயேசுவின் இரத்தத்துக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும் என்றும் நம்பினாள். அதில் என்ன பைத்தியம் இருக்கிறது? இந்தப் பள்ளத்தில் பாதிப் பேர் அதைத்தான் நம்புகிறார்கள்.

விஷயம் ஆரம்பித்தது பிப்ரவரியில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில். டென்னசியிலிருந்து வெஸ்டர் ப்ரூயிட் என்று ஒரு சுவிசேஷகர் வந்திருந்தார். உயரமான ஆள், பேசப் பேசக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். மூன்றாம் நாள் பிரசங்கத்தின் நடுவில் சட்டென்று நிறுத்தி, நாலாவது பெஞ்சில் இருந்த டெல்ஃபாவை விரலால் காட்டினார்.

"சிஸ்டர், பச்சை ஸ்வெட்டர் போட்டிருக்கிற சிஸ்டர். உங்க பாதையில ஒண்ணு கறுப்பா நிக்குது. உங்களுக்காகவே காத்துட்டு நிக்குது. உங்க வீட்டை இரத்தத்துக்குள்ள கொண்டு வாங்க."

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டெல்ஃபா தன் ஸ்வெட்டரைப் பார்த்தாள். பச்சைதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது, வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று பனியில் சறுக்கி அவள் பக்கம் வந்தது. அவள் ஒதுங்கினாள். கார் சரிவில் உருண்டு ஓடையில் தலைகுப்புறக் கிடந்தது. அவள் ஜன்னல் வழியாக ஊர்ந்து வெளியே வந்து கரையில் உட்கார்ந்திருந்தாள். தோள்பக்கத்துக் காறை எலும்பு ஒன்று முறிந்தது. அவ்வளவுதான்.

சபையே ஸ்தோத்திரம் பண்ணியது. "எப்படிக் காப்பாத்தினார் பாத்தீங்களா சிஸ்டர்" என்று ஒவ்வொருவரும் வந்து கையைப் பிடித்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் மற்றவர்கள் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. அவர்கள் பிழைத்ததைப் பார்த்தார்கள். அவள், தனக்காகக் காத்துக்கொண்டு நின்ற அந்தக் கறுப்பைப் பார்த்தாள். சொன்ன மாதிரியே நின்றிருந்தது, சொன்ன மாதிரியே வந்தது. ஒரு தடவை தப்பிவிட்டதால் போய்விட்டதா, அல்லது அதே வளைவில் இன்னும் நிற்கிறதா? இந்த ஒரு கேள்விதான் அவளை உள்ளே வைத்துப் பூட்டியது. ஹாஸ்கல் இல்லை.

பாஸ்டர் வந்து ஒரு முறை வீட்டை ஜெபித்து, முன்கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாவற்றின் நிலையிலும், முன்தாழ்வாரத் தூண்களிலும் விரலால் எண்ணெய் பூசினார். சபையில் வழக்கம் அதுதான். மூத்தவர்கள் கை வைத்து ஜெபித்த ஆலிவ் எண்ணெய், ஒரு தரம் பூசுவது, ஆண்டவரிடம் ஒப்படைப்பது, பிறகு மறந்துவிடுவது. டெல்ஃபா மறக்கவில்லை. மறுநாள் காலையில் தானே பூசினாள். அதற்கடுத்த நாளும் பூசினாள். வனிலா எசன்ஸ் வந்த சின்ன பாட்டிலில் அந்த எண்ணெயை வைத்துக்கொண்டு, காபி போடுவதற்கு முன்னால் ஒன்பது நிலைகளையும் சுற்றி வருவாள். இரண்டு கதவு, ஏழு ஜன்னல்.

முதலில் முன்தாழ்வாரம் வரை வந்தாள். ஏப்ரலில் ஹாஸ்கல் உளுத்துப்போன தாழ்வாரத் தூண்களை எடுத்துவிட்டு, தான் வேலை பார்க்கும் மர அறுவை மில்லிலிருந்து புதுத் தூண் கொண்டுவந்து நட்டான். பாஸ்டர் ஜெபித்தது பழைய தூணுக்கு. அன்றிலிருந்து தாழ்வாரத்துக்கும் வருவதில்லை.

"நல்ல ஓக் மரம் டெல், நூறு வருஷம் நிக்கும்," என்றான் ஹாஸ்கல்.

"நிக்கட்டும். நான் உள்ளேயே நிக்கறேன்."

பள்ளிக்கூட வேலையை விட்டாள். துணி துவைப்பது அவள், கொடியில் உலர்த்துவது ஹாஸ்கல். ஆறடி இரண்டங்குல மனுஷன் பெண்டாட்டியின் பாவாடைகளைக் கிளிப் போட்டு மாட்டுவதை ஓடைக்கு அக்கரையிலிருந்து தபால்காரி ஐசி விட் என்பவள் பார்த்துவிட்டு மறுநாள் தபால் ஜன்னலில் நடித்தே காட்டினாள். ஹாஸ்கலுக்கும் அது எட்டியது. "அவ பாவாடையை மாட்டறதுக்கு அவ வீட்டுல ஒருத்தனும் இல்லையேன்னு வயித்தெரிச்சல்," என்று சொல்லிவிட்டு மறுவாரமும் மாட்டினான்.

ஹாஸ்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் இரட்சிக்கப்படாதவன். இருபத்தைந்து வருஷமாக டெல்ஃபாவைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும் வரை வெளியே தன் டிரக்கில் உட்கார்ந்து வானொலியில் பந்தாட்டம் கேட்பான். இங்கே அப்படி உட்காருகிற புருஷன்மார் ஏழெட்டுப் பேர் உண்டு. டெல்ஃபா வீட்டுக்குள் தங்கிவிட்ட பிறகும் மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் அந்த வனிலா பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், சபை வாசலில் பாஸ்டர் கையில் கொடுத்து ஜெபித்து வாங்கிவருவான். வாசலைத் தாண்டி ஒரு அடி உள்ளே வைக்க மாட்டான்.

ஜூனில் டார்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வேர்னா என்று பெயர் வைத்தார்கள். ஓடையிலிருந்து நாற்பது நிமிஷ வண்டித் தூரம். டெல்ஃபா ஒரு போர்வை தைத்து ஹாஸ்கலிடம் கொடுத்து அனுப்பினாள். டார்லா டெலிபோன் பண்ணினாள்.

"போர்வை நல்லா இருக்கும்மா. நீ எப்ப வர்ற?"

"நீ தூக்கிட்டு வாயேன். அப்பாவை வண்டி எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"நான் வரமாட்டேன். உன் வீட்டுக்குள்ள வந்தா என் பிள்ளை நெத்தியிலயும் தடவுவ, வெளிய ஒண்ணு நிக்குதுன்னு அது காதுலயும் சொல்லுவ. எனக்குச் சொன்ன மாதிரி. நான் எட்டு வயசு வரைக்கும் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டுத்தான் படுப்பேன், தெரியுமா உனக்கு?"

டெல்ஃபாவுக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ வா. வந்து பாரு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் மடியில வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு டார்லா வைத்துவிட்டாள். ஒருத்தி வா என்பாள், மற்றவளும் வா என்பாள். இருவருக்கும் ஒரே தாடை எலும்பு. அப்படியே ஏழு மாதம் போயிற்று.

மிச்சிகன் சேதி வந்தது புது வருஷம் கழிந்து இரண்டாவது வாரத்தில். சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்.

"பத்து மணிக்குக் கிளம்பறோம். வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டா திரும்பி வர்றதுக்கு இடம் கூட இல்ல. நாளைக்கு வேர்னா பெரிசாகி, பாட்டி எப்படி இருப்பாங்கன்னு கேட்டா, ஒரு ஜன்னல்ல இருந்து கையாட்டுவாங்கன்னு சொல்லவா?" என்று டார்லா கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் டெல்ஃபா பதில் சொல்லியிருப்பாள்.

மறுநாள் திங்கட்கிழமை. பாஸ்டரின் மனைவி சிஸ்டர் ஓமா ஒரு ஜாடியில் கோழி சூப்போடு வந்தார். பாஸ்டருக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடந்து, அது சீழ் பிடித்து, மாதக்கணக்கில் படுக்கையாக இருந்தார். டெல்ஃபா ஜெபச் சங்கிலியில் அவர் பெயரைத் தினம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

"இப்பதான் கையைத் தலைக்கு மேல தூக்கறாரு," என்றார் ஓமா. "ஆகஸ்டுக்குப் பிறகு நேத்துதான் முதல் தடவையா பிரசங்க மேடை ஏறினாரு. எண்ணெய் பாட்டிலெல்லாம் மேஜையில வரிசையா காஞ்சு கிடக்குது, அடுத்த மாசம்தான் ஜெபிக்கணும்னாரு."

டெல்ஃபா சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

"நடுவுல வந்த வாலிபப் பாஸ்டர் ஜெபிச்சாரே?"

"அந்தப் பையனா? அவன் எண்ணெயே தொடமாட்டான் சிஸ்டர். அவனுக்கு அதுல நம்பிக்கை இல்ல."

வனிலா பாட்டில் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தது. டெல்ஃபா அதைப் பார்த்தாள், ஓமாவும் பார்த்தார். ஓமா நல்ல பெண்மணி. சூப் ஆறுது என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கிளம்பினார்.

ஹாஸ்கல் சாயங்காலம் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் பாட்டில் அவன் மூக்குக்கு நேரே இருந்தது.

"இது எங்க இருந்து வந்த எண்ணெய்?"

அவன் ஒரு பூட்ஸோடு நாற்காலியில் உட்கார்ந்தான். பொய் சொல்ல வராத மனுஷன். சொல்லாமல் இருக்க மட்டும் வரும்.

"கடையில இருந்து."

"ஜெபிச்சது யாரு?"

"டெல், அந்த வாலிபன் என்னைப் பாத்ததும் வாசல்ல வெச்சே கையைப் புடிச்சு, தலைமேல கை வெச்சு, கத்த ஆரம்பிச்சான். என் ஆத்துமா நரகத்து விளிம்புல ஊசலாடுதுன்னு நாற்பது பேர் முன்னால சொன்னான். பாட்டிலை வெளிய எடுக்கவே விடல. அதுக்கப்புறம் நான் போகல. கடையில வாங்கி ஊத்திட்டு வந்துட்டேன்."

"எத்தனை தடவை?"

"செப்டம்பர்ல இருந்து."

"நீயாவது ஒரு வார்த்தை ஜெபிச்சியா?"

"நான் என்னத்தை ஜெபிக்கிறது? மூடியைத் திருகினேன்."

செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். நாலு மாதத்துக்கு மேலாக ஒன்பது நிலைகளிலும் அவள் பூசியது வெறும் சாலட் எண்ணெய். டெல்ஃபா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும். அவள் ஒவ்வொரு ஜன்னலாகப் போய்த் திரையை இழுத்து மூடினாள். சட்டையில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. இத்தனை நாள் வீடு திறந்து கிடந்திருக்கிறது. நினைத்திருந்தால் எந்த நிமிஷமும் அது உள்ளே வந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் பூசுவதற்கு எண்ணெய் இல்லை. பாட்டிலில் இருந்ததை எண்ணெய் என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பழக்கத்தில் எழுந்து நின்றவள், கை ஓடாமல் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். முன்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்து பயந்து பார்த்தவளுக்கு, இரண்டாவது காபி ஆறும்போது ஒரு யோசனை வந்தது. யோசனை என்று கூடச் சொல்ல முடியாது, ஒரு அரிப்பு. வந்திருக்கலாம் என்றால், ஏன் வரவில்லை?

சுவரில் சவ அடக்கக்காரர் இலவசமாகக் கொடுத்த காலண்டர் தொங்கியது, போன வருஷத்தினுடையது. அதை எடுத்து மேஜைமேல் விரித்தாள். ஆண்டவர் காத்த நாளிலெல்லாம் அவள் அதில் பென்சிலால் சிலுவை போட்டிருந்தாள். டெலிபோனில் சாட்சியும் சொல்லியிருந்தாள். அக்டோபரில் ஓடை பொங்கி, படியில் மூன்றாவது கல் வரை வந்து இறங்கிப்போனது. நவம்பரில் புகைபோக்கிக்குள் கரி பற்றிக்கொண்டு ரயில் மாதிரி இரைந்து, யாரும் ஏணி வைப்பதற்குள் தானாக அடங்கியது. டிசம்பரில் பனிப் பாரத்தில் பெரிய பாப்லர் மரம் முறிந்து, வீட்டின்மேல் விழாமல் வீட்டை ஒட்டி, பக்கத்தில் படுத்தது. மூன்று சிலுவை. மூன்றுக்கும் எண்ணெய் காத்தது என்று சாட்சி சொன்னாள். மூன்றும் செப்டம்பருக்குப் பிறகு.

நவம்பரிலேயே இன்னொன்றும் நடந்திருந்தது. மில்லில் ஹாஸ்கலின் இடது சுண்டுவிரல் நுனி ரம்பத்தில் போயிற்று. அந்த நாளில் சிலுவை இல்லை. அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததால் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தாள். அதற்கு அவள் கடைசிவரை விடை சொல்லவில்லை; இட்டுக்கட்டவும் இல்லை.

புதன் முழுவதும் இதே யோசனை. வியாழக்கிழமை காலையில் செய்தாள் பாருங்கள் ஒரு காரியம், அதைச் செய்ய இந்தப் பள்ளத்தில் வேறு யாருக்கும் நெஞ்சுரம் இருந்திருக்காது. சபையில் சாட்சி சொல்வது எல்லாருக்கும் வரும். சொன்ன சாட்சியைத் தப்பு என்று திரும்ப வாங்குவதை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஜெபச் சங்கிலியில் முதல் பெயர் சிஸ்டர் ஓமா. டெல்ஃபா அவரைக் கூப்பிட்டாள். ஓடையோரத்து ஐந்து வீட்டுக்கும் ஒரே டெலிபோன் கம்பி; ஒரு வீட்டில் பேசினால் மற்ற வீடுகளில் எடுத்துக் கேட்கலாம். கேட்காமல் இருப்பது மரியாதை, கேட்பது வழக்கம்.

"சிஸ்டர், அக்டோபர், நவம்பர், டிசம்பர்ல நான் மூணு சாட்சி சொன்னேன். எண்ணெய் காத்ததுன்னு சொன்னேன். அது ஜெபிக்காத எண்ணெய். கடையெண்ணெய். அதனால அந்த மூணையும் திருத்திக்கணும்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க."

ஓமா பதில் சொல்வதற்குள் கம்பியில் ஒரு சிரிப்பு வெடித்தது.

"ஐசி, நீ கேக்கறேன்னு எனக்குத் தெரியும்," என்றாள் டெல்ஃபா.

"இல்லடி, நான் இப்பதான் எடுத்தேன். கடையெண்ணெயா? நாலு மாசமா கதவுக்கெல்லாம் தாளிச்சிருக்கியா?"

"ஆமா."

"அப்ப வெள்ளம் உன் வாசல்ல நின்னதுக்கு எண்ணெய் காரணம் இல்ல."

"இல்ல."

"மரம் தள்ளி விழுந்ததுக்கும்?"

"இல்லைங்கிறேனே."

 ஐசி சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அவளுக்கே ஆர்வம் வந்துவிட்டது.

"அப்ப யாரு?"

"அதைத்தான் நானும் செவ்வாய்க்கிழமைல இருந்து கேட்டுட்டு இருக்கேன். எண்ணெயை நடுவுல இருந்து எடுத்துட்டா மிச்சம் ஒருத்தர்தான் இருக்காரு."

"சும்மா நடந்திருக்கலாம் இல்ல?"

"மூணு தடவையா?"

"சும்மாங்கிறது எண்ணிட்டா நடக்கும்?" என்றாள் ஐசி. அது நல்ல கேள்விதான். டெல்ஃபாவும் அதை அப்படியே ஒத்துக்கொண்டாள். "உனக்குச் சும்மா, எனக்கு இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆனால் அதனால் மட்டும் கால் வாசலைத் தாண்டிவிடவில்லை. வீட்டுக்குள் காக்கிறவர் வெளியேயும் காப்பார் என்பது வாய்க்குச் சுலபம். வியாழன் மதியம் கதவைத் திறந்து நின்றாள். குளிர் முகத்தில் அடித்தது. உடனே கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு வீடு பயமில்லை. அந்தச் சாலைதான் பயம்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம். சோளரொட்டியை மோரில் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஹாஸ்கலிடம், பதினொரு மாதத்தில் முதல் தடவையாக அவளே அந்தப் பேச்சை எடுத்தாள். அதுவரை அவன் ஆரம்பித்தாலே கையைக் காட்டி நிறுத்திவிடுவாள்.

"காரை மேல இழுத்தப்ப நீ இருந்த இல்ல?"

"இருந்தேன்."

"எப்படி இருந்தது?"

அவன் கரண்டியை வைத்தான். "நிஜமாவே கேக்கறியா?"

"கேக்கறேன்."

"கூரை சீட்டு வரைக்கும் நசுங்கியிருந்தது. ஸ்டீயரிங் சீட்டுக்குள்ள போயிருந்தது. சீட்டுக்கு முன்னால இல்ல, சீட்டுக்குள்ள. நீ உக்காந்திருந்த இடத்துல ஒரு பூனையை வைக்க இடம் இல்ல டெல். இழுத்த ஆளு, இதுல இருந்த பொம்பளையை எங்க அடக்கம் பண்றீங்கன்னு என்கிட்ட கேட்டான். அவ அதோ கரையில உக்காந்திருக்கான்னு நான் காட்டினேன். அவன் தொப்பியைக் கழட்டிட்டான்."

"இதை ஏன் நீ சொல்லவே இல்ல?"

"நீ விட்டியா? ஆயுசு முழுக்க நான் டிரக்குல உக்காந்துட்டு உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டதே இல்ல. அன்னைக்குக் கேட்டேன். யாருகிட்ட கேட்டேன்னு எனக்கே தெரியாது. இது எப்படின்னு கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

டெல்ஃபா மேஜைமேல் சிந்திய மோரை விரலால் வட்டமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கார்ல எண்ணெயே பூசல," என்றாள் கடைசியில்.

"கார்ல எவன் பூசுவான்?"

"அதான் சொல்றேன். கதவுலயும் பூசல, கண்ணாடியிலயும் பூசல. நான் பாட்டு கூடப் பாடிட்டு வரல அன்னைக்கு. சோளமாவுக்கு ஆர்டர் எழுதாம தொரை மாதிரி திரியறான்னு சமையல் மேற்பார்வைக்காரனை வாய்க்குள்ளயே திட்டிட்டு வந்தேன்."

வளைவில் ஒன்று கறுப்பாக நின்றது என்பதை அவள் அப்போதும் மறுக்கவில்லை. இன்றைக்கும் மறுக்க மாட்டாள். ஆனால் அங்கே நின்றது அது ஒன்று மட்டும் இல்லை. இன்னொருவர் அதற்கு முன்னாலேயே வந்து நின்றிருக்கிறார், கூப்பிடாமலே, பூசாமலே, அவள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தபோது. பதினொரு மாதமாக அவள், தனக்காகக் காத்துக்கொண்டு நின்ற அந்தக் கறுப்பையே நினைத்தாள். காக்க நின்றவரை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, பார்க்க வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது. அவர் வீட்டுக்குள் இருந்தாரா, சாலையில் இருந்தாரா, இரண்டிலுமா? உட்கார்ந்து யோசித்தால் இதற்கு மேல் ஒன்றும் தெரியாது. போய்த்தான் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை விடிந்ததும் நாப்தலீன் வாடை அடிக்கிற கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றாள். ஹாஸ்கல் பார்த்தான். வெளியே போய் டிரக்கைக் கிளப்பி ஹீட்டரைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அவள் திறந்த கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் கோட்டுப் பையில்.

"பாஸ்டர் வீட்டுக்குப் போய் எண்ணெய் ஜெபிச்சு வாங்கிட்டு வரவா? இருபது நிமிஷத்துல வந்துடுவேன். அந்த மனுஷன் இப்ப நல்லாத்தான் இருக்காரு," என்றான் ஹாஸ்கல். எண்ணெயில் அவனுக்கு எந்த நம்பிக்கையும் இல்லை, போயிருப்பான்.

"வேண்டாம். எண்ணெய்ல ஒரு குத்தமும் இல்ல. யாருக்காவது சுகமில்லைன்னா நானே பூசுவேன். இன்னைக்குப் பூசினா எண்ணெயை நம்பித்தான் போறேன்னு ஆயிடும்."

கண்ணை மூடினாள். ஹாஸ்கல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அது அவனுக்கே தெரியாமல் நடந்தது.

"கர்த்தாவே, அது இன்னும் நிக்குதோ இல்லையோ எனக்குத் தெரியல. நீர் நிக்கிறீர்னு நம்பிப் போறேன். எனக்குக் கால் நடுங்குது, அதை நீர் பாத்துக்கும். ஆமென்."

கால் நடுங்கிக்கொண்டேதான் போனாள். பயம் விட்டதா என்றால், விடவில்லை. பயம் போன பிறகுதான் வெளியே வந்தாள் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். நிலையைத் தாண்டினாள், தாழ்வாரத்தைத் தாண்டினாள், படியில் ஒவ்வொரு கல்லாக இறங்கினாள். ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற ஆமை மாதிரி கழுத்தை நீட்டி இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். ஓடைமேல் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. வேலிக்கம்பியில் பனி. இதெல்லாம் இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

அக்கரையில் ஐசி கோழிக்குத் தீனி போட வந்தவள், தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"டெல்ஃபா? நீயா? எங்க கிளம்பிட்ட?"

"பேத்திக்கு என் மூஞ்சியைக் காட்ட."

 கோழிகள் ஐசியின் காலைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன.

ஹாஸ்கல் டிரக் கதவைத் திறந்து, சீட்டில் கிடந்த சங்கிலியையும் எண்ணெய்த் துணிகளையும் பின்னால் தள்ளி இடம் பண்ணினான். டெல்ஃபா ஏறி உட்கார்ந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா போகட்டுமா?" என்று கேட்டான்.

"மணி ஒன்பது ஆகப்போகுது, அவங்க பத்துக்குக் கிளம்பறாங்க," என்றாள். "எப்பவும் போற மாதிரி போ."